பேசிக்கிட்டே இரு

அத்தியாயம் 17

நானுலி தன் கணவரோடு பேசி அன்றோடு நான்கு நாள் ஆகியிருந்தது.

நாற்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இது ஒரு சாதனை. ருஸ்தவி நகரத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள் அவள். வேலைக்குத்தான் ஓய்வு வந்ததே தவிர வாய்க்கு வரவில்லை. கோழியோடு பேசுவாள், அடுப்போடு பேசுவாள், சும்மா கிடக்கிற வாளியைக்கூட இரண்டு வார்த்தை கேட்பாள். அப்படிப்பட்டவள் வாயை இறுக மூடிக்கொண்டால் வீடு என்னத்துக்கு ஆகும்?

காரணம் போன வாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கொடி வெட்டும் கத்தியைத் தேடிக் கணவர் ஷால்வாவின் பழைய கோட்டுப் பைக்குள் கைவிட்டாள். கையோடு வந்தது ஓர் ஆஸ்பத்திரிக் காகிதம். ஜூன் மாதத் தேதி. இதயக் குழாய்களில் இரண்டு அடைத்திருக்கின்றன, செப்டம்பரில் அறுவை சிகிச்சைக்கு வந்து சேரவும் என்று எழுதியிருந்தது. இப்போது அக்டோபர்.

"அறுவடை முடியட்டும்னு இருந்தேன், நானு. உன்னைப் பயமுறுத்த வேணாம்னுதான் சொல்லலை" என்றார் ஷால்வா.

"நாப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவகிட்ட மறைச்ச ஆளோட எனக்கு என்ன பேச்சு?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் காது மட்டும் அவர் பின்னாலேயே அலைந்தது. அவர் படியேறினால் மூச்சை எண்ணினாள். வாளி தூக்கினால் அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்த்தாள். அத்தனையும் பயம். அதற்குக் கோபம் என்று பெயர் வைத்துக்கொண்டு நடமாடினாள்.

ஷால்வாவுக்கு அறுபத்தேழு வயது. எஃகு ஆலையில் கிரேன் ஓட்டியவர். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வாழ்நாளைக் கழித்த மனுஷன், ஓய்வு பெற்றதும் மண்ணுக்கு இறங்கி வந்தார். அப்பா விட்டுப்போன கிராமத்து வீட்டில் இருந்த திராட்சைக் கொடிகள் எல்லாம் பட்டுப்போய்க் கிடந்தன. அத்தனையையும் வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு ஒட்டுக்கன்று நூற்றிருபது வாங்கி நட்டார். முதல் வருடப் பனியில் நாற்பது கருகின. மறுபடி நட்டார். மனைவி ஒவ்வொரு கன்றுக்கும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். சுமந்துகொண்டே திட்டினாள். இது நான்காவது இலையுதிர்காலம். முதல் உருப்படியான விளைச்சல்.

கறுப்புத் திராட்சை போன வாரமே பறித்து நசுக்கி, தாழியறைக்குள் மண்ணில் புதைந்திருக்கும் சின்னத் தாழியில் போட்டாயிற்று. தோலும் கொட்டையுமாக அது ஒயினாகப் பொங்கிக் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பு இல்லாத கொதிப்பு. கழுத்து வரை பூமிக்குள் இருக்கிற தாழி, வாய் மட்டும் தரையோடு தரையாகத் திறந்திருக்கும். குனிந்து பார்த்தால் உள்ளே குமிழி வெடிக்கிற சத்தம் கேட்கும்.

வெள்ளைத் திராட்சை சனிக்கிழமை பறிக்க வேண்டும். அதற்குப் பெரிய தாழி தேவை. ஷால்வாவின் அப்பா காலத்துத் தாழி அது. இருபது வருடமாக மூடிக் கிடந்தது. உள்ளே ஓர் ஆள் நின்றால் தலைக்கு மேல் இன்னும் ஒரு முழம் இருக்கும். அதற்குள் இறங்கிக் கழுவ வேண்டும்.

யார் இறங்குவது? நாற்பது வயதுக்குள் ஆள் இருந்தால் இறக்கலாம். மகன் லெவான் போலந்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அறுவடைக்கு உதவ வந்திருந்தது அவன் மனைவி லிகாதான். லிகா தோள் அகலமான பெண். நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். அந்தத் தோள் தாழி வாய்க்குள் பக்கவாட்டில் திரும்பினாலும் நுழையாது என்று அளந்து பார்த்தே சொல்லிவிட்டார் மாமனார்.

"குளத்துல குதிக்கிறதை ஒரு வேலைன்னு சொன்னா இப்படித்தான் தோள் வளரும்" என்று போன மாதம் நானுலி முணுமுணுத்திருந்தாள். அதை லிகா கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் எல்லாம் முறையாகவே நடந்தது.

ஷால்வா ஒரு தகர டப்பாவில் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கயிற்றில் கட்டிப் பெரிய தாழிக்குள் இறக்கினார். அடிவரை போனது. சுடர் ஆடாமல் நின்றது. சுடர் நின்றால் மனுஷனும் நிற்கலாம். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, யாரும் காலை வைக்கக் கூடாது. அந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். கொதிக்கிற ஒயினிலிருந்து வருகிற காற்றுக்கு நிறம் கிடையாது. கனமானது. தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்துப் போகும். பக்கத்து வீட்டு ஜெமாலின் மூத்த அண்ணன் இப்படித்தான் தாழிக்குள் மடங்கி விழுந்தான். அவனைத் தூக்க இறங்கிய இரண்டாவது அண்ணன் அவன் மேலேயே விழுந்தான். முப்பது வருடமாக ஜெமால் எந்தத் தாழியறை வாசலையும் மிதித்ததில்லை.

இன்னொரு விதியும் உண்டு. இறங்குகிறவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேச்சு என்பது முக்கியமில்லை, குரல் வந்துகொண்டிருக்க வேண்டும்.

ஷால்வா ஆலையில் அணிந்திருந்த பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொண்டார். இடுப்பிலும் தோளிலும் இறுக்கிக்கட்டும் பட்டை, முதுகில் ஓர் இரும்பு வளையம். உத்தரத்தில் அவரே பொருத்திய சங்கிலிக் கப்பியின் கொக்கி அந்த வளையத்தில் மாட்டும். கப்பியைப் பொருத்திய அன்று நானுலி விழுந்து விழுந்து சிரித்தாள். "மேல இருந்து விழறவனுக்குப் பட்டை வேணும். பூமிக்குள்ள இருக்கிறவன் எங்கே விழுவான்?"

காலையில் மேலே உட்கார்ந்தது லிகா. ஏணி இறக்கி, பல்பு ஒன்றை ஒயரில் தொங்கவிட்டு, மாமனார் உள்ளே தேய்க்கத் தேய்க்க அவர் சொன்ன கதைகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் அந்தப் பாலத்து இரும்பை என்ன பண்ணினீங்க, மாமா?"

"என்ன பண்றது? அந்தரத்துல தொங்குது. கீழ மேனேஜர் நிக்கிறான், புதுக் கோட்டு. நான் மேலேருந்து கத்தறேன், தள்ளிப் போ, தள்ளிப் போன்னு. அவன் எனக்குக் கையாட்டறான்."

அடுப்படி ஜன்னல் வழியே இதைக் கேட்டுக்கொண்டே நானுலி பீன்ஸைக் கிளறினாள். அந்தக் கதையை அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். மேனேஜரின் கோட்டு ஒவ்வொரு தடவையும் ஒரு நிறம். நடுவில் அணைந்த அடுப்பை மறுபடி மூட்டத் தீப்பெட்டி கிடைக்கவில்லை. தாழியறை அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். மூட்டிவிட்டு ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் மூன்று பேரும் பீன்ஸும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். பேச்செல்லாம் லிகா வழியாகத்தான். அந்தப் பக்கம் ஒரு வார்த்தை, இந்தப் பக்கம் ஒரு வார்த்தை.

"பாட்டிலை உங்க அத்தைகிட்ட குடு" என்றார் ஷால்வா.

"பாட்டில் எனக்கு வேணாம்னு உங்க மாமாகிட்ட சொல்லு" என்றாள் நானுலி.

"ரெண்டு பேருக்கும் சேத்து எனக்கு எக்ஸ்சேஞ்சுல சம்பளம் போட்டுடுங்க" என்று லிகா எழுந்து போனாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஷால்வா தாழியறைக்குப் போனார். நானுலியும் போனாள், திராட்சைப் பாகில் தோய்ப்பதற்காகக் கோர்க்க வேண்டிய அக்ரூட்டும் ஊசியும் நூலும் மடியில் வைத்துக்கொண்டு. லிகா முற்றத்தில் கூடைகளைக் கழுவ வேண்டியிருந்தது. மேலே யாராவது உட்கார்ந்தாக வேண்டும்.

முதலில் அவர் சின்னத் தாழியைக் கவனித்தார். நாளுக்கு நாலு தடவை கலக்க வேண்டும். மேலே மிதந்து கெட்டியாகும் தோலை நீளக் கோலால் அமுக்கி உள்ளே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து புளித்துவிடும். கோலை இறக்கினார். உள்ளே அடைந்து கிடந்த காற்றெல்லாம் புஸ்ஸென்று கிளம்பியது. மூக்கைக் கடிக்கிற நெடி. நானுலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் தாழியின் வாய்க்கும் பெரிய தாழியின் வாய்க்கும் நடுவே ஒரு கை நீளம்தான்.

குளிர் காற்று அடித்தது. கொதிப்பு ஆறிவிடக் கூடாது என்று கதவைச் சாத்தினார். பிறகு அலமாரிப் பக்கம் போய் மெழுகுவர்த்தி டப்பாவை எடுத்தார். அலமாரிப் பலகையைக் கையால் தடவினார். கீழே குனிந்து பார்த்தார். சட்டைப் பையைத் தட்டினார்.

அவர் என்ன தேடுகிறார் என்று நானுலிக்குத் தெரியும். அது அவள் ஏப்ரன் பைக்குள் தொடையில் உறுத்திக்கொண்டிருந்தது.

கேட்கட்டும், என்று நினைத்தாள். வாயைத் திறந்து கேட்கட்டும். என்கிட்ட கேட்டால் எடுத்துக் கொடுக்கப் போகிறேன்.

அவர் கேட்கவில்லை. அவளை ஒரு பார்வை பார்த்தார். டப்பாவைத் திரும்ப வைத்தார். காலையில்தானே பார்த்தோம் என்கிற மாதிரி தோளைக் குலுக்கிவிட்டு ஏணியில் கால் வைத்தார். பட்டை வளையத்தில் மாட்டிய கொக்கி முதுகில் இழுத்துக்கொண்டு தொந்தரவு செய்தது போலிருக்கிறது. கொக்கியை மட்டும் கழற்றிவிட்டு இறங்கினார்.

பிரஷ் தேய்க்கிற சத்தம் வந்தது. நானுலி ஓர் அக்ரூட்டைக் கோர்த்தாள்.

"அடி வளைவுல பழைய கசடு ஒரு விரல் கனம் இருக்கு" என்றது குரல். யாருக்கும் சொல்லாத மாதிரி, எல்லோருக்கும் சொல்கிற மாதிரி.

அவள் பதில் சொல்லவில்லை.

இன்னோர் அக்ரூட்.

"அப்பா எப்படித்தான் இதைக் கழுவினாரோ."

அதற்கும் சொல்லவில்லை.

பிறகு பிரஷ் சத்தம் மெதுவானது. "நானு" என்றது குரல். "மேல இருக்கியா?"

நாலு நாளில் முதல் தடவையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். நானுலியின் தொண்டை வரை வந்துவிட்டது. இருக்கேன் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் கோபம் அத்தோடு உடைந்துபோகும். இவ்வளவு சுலபமாகவா? ஜூனிலிருந்து மறைத்ததற்கு நாலே நாளா? சொல்லை விழுங்கினாள். ஊசியை இழுத்தாள்.

பிரஷ் நின்றது.

சரிதான், துரைக்குக் கோபம் என்று நினைத்தாள். இருக்கட்டும். நன்றாக இருக்கட்டும். ஓர் அக்ரூட் கோர்த்தாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதில் ஊசி கையிலேயே நின்றுவிட்டது.

முப்பத்தோரு வருடம் காதில் கருவி மாட்டி உட்கார்ந்தவள். மறுமுனையில் ஆள் இருந்துகொண்டு பேசாமல் இருப்பதற்கும், ஆளே இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும். இது இரண்டாவது.

மடியிலிருந்த அக்ரூட் தரையெல்லாம் சிதறியது. குப்புற விழுந்து தாழிக்குள் பார்த்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. பல்புக்கு மூச்சு வேண்டாம். அதன் கீழே ஷால்வா சுவரில் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிரஷ் கையிலேயே இருந்தது. தலை தோளில் சாய்ந்திருந்தது. தூங்குகிற மனுஷன் மாதிரி.

"ஷால்வா."

இப்போது பேசினாள். நாலு நாளுக்குப் பிறகு. கேட்க அவர் இல்லை.

"லிகா! லிகா!"

அதற்குள் நானுலியின் கால் ஏணியில் இருந்தது. இரண்டாவது படியில் இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் ஏப்ரன் முடிச்சைப் பிடித்து அப்படியே மேலே இழுத்துத் தரையில் போட்டது.

"விடு. விடுடி என்னை."

"இறங்கக் கூடாது, அத்தை."

"அவர் சாகறார்டி."

"ஜெமால் மாமா வீட்ல ரெண்டாவது சவப்பெட்டி எப்படி வந்துச்சுன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க." லிகாவின் முகம் வெள்ளையாக இருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை. கதவை உதைத்துத் திறந்தாள். ஜன்னல் பலகையைப் பிடுங்கி எறிந்தாள். "கொக்கி எங்க? முதுகுல மாட்டியிருக்கா?"

கொக்கி உத்தரத்திலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

நானுலி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கண் எதையோ கண்டுபிடித்துவிட்டது. நீளக் கோல். அதன் நுனியில் தோலை அமுக்குவதற்கான குறுக்குக் கட்டை. அதில் கொக்கியைத் தொங்கவிட்டு இறக்கினால் முதுகு வளையத்தில் மாட்டலாம். அவர் சாய்ந்திருந்ததில் வளையம் தோளுக்கு மேல் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"நான் குனியறேன்" என்றாள் லிகா.

"உன் தோள் நுழையாது. நான் நுழைவேன். நீ பலசாலி, காலைப் பிடி."

லிகா ஒரு நொடி அவளைப் பார்த்தாள். "வாசல்ல போய் மூச்சை இழுத்துட்டு வாங்க. நிறைய. உள்ள தலை இருக்கிறவரைக்கும் மூச்சு விடக் கூடாது, இழுக்கவும் கூடாது. நான் காலைத் தட்டி எண்ணுவேன். பதினஞ்சாவது தட்டுல நீங்க வெளிய. மாட்டினாலும் சரி, மாட்டாட்டியும் சரி."

நானுலி வாசலில் நின்று காற்றை இழுத்தாள். அறுபத்து மூன்று வருடத்தில் காற்று என்று ஒன்று இருப்பதையே அவள் நினைத்துப் பார்த்ததில்லை. ஓடிவந்து வயிற்றில் படுத்துத் தலையையும் தோளையும் தாழிக்குள் விட்டாள்.

கணுக்காலில் தட்டு விழுந்தது. ஒன்று. இரண்டு.

கொக்கி அவர் தோளில் இடித்து வழுக்கியது. ஆறு. ஏழு. வளையத்தைத் தொட்டது, திரும்பியது. அவர் நெற்றி நீலமாகத் தெரிந்தது. பதினொன்று. இன்னும் ஒரு விரல், இன்னும் ஒரு விரல் என்று மனசு கதறியது. பதினைந்து. லிகா இரக்கமில்லாமல் அவளை வெளியே இழுத்தாள்.

"மறுபடி. வாசலுக்கு."

இரண்டாவது தடவை ஒன்பதாவது தட்டில் கொக்கி 'ணங்' என்று வளையத்துக்குள் விழுந்தது.

பிறகு சங்கிலி. கிரேன் ஓட்டியவர் பொருத்திய கப்பி அது, எவ்வளவு பாரத்தையும் தூக்கும். ஆனால் நிதானமாகத்தான் தூக்கும். ஒரு முழம் சங்கிலி இழுத்தால் ஆள் இரண்டு விரல்கடை மேலே வருவார். இரண்டு பெண்களும் மாறி மாறி இழுத்தார்கள். நானுலியின் உள்ளங்கை கிழிந்தது. சங்கிலி கடகடவென்று ஓடியது, தாழிக்குள் எதுவுமே அசையாத மாதிரி இருந்தது. அவள் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்தது. சிரித்ததற்காக யார் யாரிடமோ மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

தலை வந்தது. தோள் இடித்தது. லிகா ஒரு கையை உள்ளே விட்டுத் திருப்பினாள். வந்துவிட்டார்.

வாசலுக்கு இழுத்துப்போய்ப் புல்லில் கிடத்தினார்கள். லிகா அவர் மூக்கைப் பிடித்து வாயில் வாய் வைத்து ஊதினாள். மார்பை அமுக்கினாள். மறுபடி ஊதினாள். நானுலி ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். ஊர் பெயர் சொன்னாள், தேவாலயத்துக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்றாள், தெளிவாகச் சொன்னாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஜெமால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஷால்வா இருமினார்.

அசிங்கமான, கரகரப்பான இருமல். உலகத்திலேயே அதைவிட இனிமையான சத்தத்தை நானுலி கேட்டதில்லை. லிகா புல்லிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

பக்கத்து ஊர் தெலாவி ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருத்தி வெளியே வந்தாள்.

"காத்து விஷயம் சரியாயிடும். பொண்ணு நல்ல வேலை பண்ணியிருக்கா. ஆனா இதயம் ரொம்பச் சிரமப்பட்டிருக்கு. ஏற்கெனவே அடைப்பு இருக்காமே? தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நாலு நாளாத் தெரியும்" என்றாள் நானுலி.

"இனி தள்ளிப் போட முடியாது. இப்பவே திபிலிசியில இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம். காலையில எட்டு மணிக்கு ஆபரேஷன். போய்ப் பாருங்க. அதிர்ச்சியான விஷயம் எதையும் சொல்லிடாதீங்க."

ஷால்வா மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். கட்டில் அவர் உயரத்துக்குப் போதவில்லை. நானுலி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"தீப்பெட்டியைத் தேடினேன், நானு" என்றார். குரல் சல்லடை வழியே வருகிற மாதிரி இருந்தது. "கிடைக்கலை. எங்கே வெச்சேன்னே ஞாபகம் இல்லை. வயசாச்சுல்ல. மெழுகுவத்தி இல்லாம இறங்கிட்டேன். கிறுக்கன். லெவான்கிட்ட சொல்லிடாதே, சிரிப்பான்."

நானுலியின் கை பைக்குள் போனது. அங்கேதான் இருந்தது. விரல் பட்டதும் உள்ளே குச்சிகள் லேசாகக் குலுங்கின.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டாக்டரே சொல்லியிருக்கிறாள், அதிர்ச்சி கூடாதென்று. காலையில் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். இந்த நேரத்தில் எதற்கு? அவரைப் பயமுறுத்த வேண்டாமே.

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. அது அவர் சொன்ன வார்த்தை. அதே வார்த்தைக்காகத்தான் அவள் நாலு நாள் அவரைப் பேச்சில்லாமல் பட்டினி போட்டிருந்தாள்.

தீப்பெட்டியை எடுத்து அவர் மார்புக்கு மேலிருந்த போர்வையில் வைத்தாள்.

"என்கிட்டதான் இருந்துச்சு. நீ தேடறதைப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். நீ வாயைத் திறந்து கேளுன்னு இருந்தேன்." மூச்சு வாங்கியது. "நீ என்னைக் கூப்பிட்டே. அதுவும் கேட்டுச்சு. கேட்டும் பேசாம இருந்தேன்."

ஷால்வா தீப்பெட்டியையே பார்த்தார். பக்கத்தில் இருந்த மெஷின் சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் தள்ளுவண்டியோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

"கூட ஒருத்தர்தான் வரலாம். யார் வரீங்க?" என்றான் ஒருவன்.

நானுலி ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"லிகா வரட்டும்" என்றார் ஷால்வா.

நானுலியின் கால் அங்கேயே நின்றது.

"நீ வீட்டுக்குப் போ. சாயங்காலம் கலக்கணும். விட்டா தோல் காஞ்சுடும், அத்தனையும் புளிச்சுப்போகும். நாலு வருஷம்." அவர் கை மெதுவாக நகர்ந்து தீப்பெட்டியை எடுத்து அவள் பக்கம் நீட்டியது. "மெழுகுவத்தி வெச்சிட்டு உள்ள போ."

அவ்வளவுதான் சொன்னார். கோபமா, மன்னிப்பா? குரலை வைத்தே ஆளை எடை போடுகிறவளுக்கு அது பிடிபடவில்லை. வண்டி உருண்டு போய்விட்டது. லிகா திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரி வரை பின்னாலேயே காரில் வந்திருந்த ஜெமால்தான் வீட்டில் கொண்டு விட்டார். இறங்கும்போது கேட்டார். "நான் வாசல்ல நிக்கட்டுமா?"

"நில்லுங்க" என்றாள் நானுலி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தாழியறைக் கதவு அவர்கள் விட்டுப் போனபடியே திறந்து கிடந்தது. தரையில் அக்ரூட். ஊசி. அவருடைய ஒற்றைச் செருப்பு. நானுலி வாசலிலேயே நின்றாள். உள்ளே போக முடியாது என்று கால் சொன்னது. திராட்சை புளித்தால் புளிக்கட்டும், யாருக்கு வேண்டும் அந்த ஒயின்?

ஆனால் குமிழி வெடிக்கிற சத்தம் கேட்டது. நாலு வருடமாகக் குடத்தில் சுமந்த தண்ணீர் அது.

தீக்குச்சி மூன்று உடைந்தது. நான்காவது பற்றியது. மெழுகுவர்த்தியைத் தரையோடு தரையாக வாசலில் வைத்தாள். சுடர் நின்றது. இரண்டடி உள்ளே நகர்த்தினாள். நின்றது. பெரிய தாழியின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது சுடர் ஒருமுறை படுத்தது. அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். சுடர் எழுந்தது. பலகை மூடியை இழுத்து அந்த வாயை மூடினாள்.

கோலைக் கழுவினாள். இறக்கினாள். முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு அமுக்கினாள். ஜெமால் வாசலுக்கு வெளியே நின்று, "நானுலி, பேசு" என்றார்.

"பேசறேன், ஜெமால். பாதி ஆச்சு. பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அப்போது பைக்குள் போன் அடித்தது. லிகா.

அந்தப் பெயரைப் பார்த்ததும் நானுலி கோலைப் பிடித்தபடியே நின்றாள். எடுக்காமல் இருந்தால் எதுவும் நடந்திருக்காது என்று ஒரு கணம் நினைத்தாள். கோலை விட்டுவிட்டு வெளியே வந்து எடுத்தாள்.

"அத்தை, நர்ஸ் திட்டறாங்க. ரெண்டே நிமிஷம். மாமாதான் கேட்டார். இந்தாங்க."

வண்டி இரைச்சல். சைரன் இல்லை. பிறகு சல்லடைக் குரல்.

"நானு. இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள். யோசிக்கவே இல்லை. "இருக்கேன், ஷால்வா."

"மெழுகுவத்தி வெச்சியா?"

"வெச்சேன். நின்னுச்சு. பாதி கலக்கிட்டேன்."

மூச்சு மட்டும் கேட்டது. ஆள் இருந்துகொண்டு பேசாத மௌனம். அவள் காத்திருந்தாள்.

"பயமா இருக்கு, நானு."

நாற்பது மீட்டர் உயரத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்த மனுஷன். காற்றில் கூண்டு ஆடிய நாளில்கூட அவர் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நானுலி வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்தான். ஜூன்லயே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம். பரவாயில்லை. இப்ப பேசிக்கிட்டே இரு."

"என்ன பேச?"

"எதையாவது பேசு. மேனேஜர் கதையைச் சொல்லு."

"நூறு தடவை கேட்டிருக்கே."

"இன்னைக்குக் கோட்டு என்ன நிறம்னு பாக்கறேன். சொல்லு."

அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. இருமலாகவும் இருக்கலாம். "இரும்பு அந்தரத்துல தொங்குது" என்று ஆரம்பித்தார்.

"உம்" என்றாள் நானுலி.

"கீழ மேனேஜர் நிக்கிறான். புதுக் கோட்டு. சாம்பல்..."

"உம்."

"நான் மேலேருந்து கத்தறேன்..."

குரல் அறுந்தது. இரைச்சலும் இல்லை, மூச்சும் இல்லை.

திபிலிசி போகிற வழியில் கோம்போரி மலை ஏறும்போது சிக்னல் போகும். எப்போதும் போகிற இடம்தான். வளைவு தாண்டினால் வந்துவிடும். இது அவளுக்குத் தெரியும். ஜெமாலும் அதையேதான் சொன்னார், மலைதான், நானுலி, மலைதான் என்று.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இருட்டிக்கொண்டு வருகிற தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இருக்கேன், ஷால்வா" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."